புத்தகம் போட அம்மா நகையை அடகு வைக்கலாமா? ஃபேன்டஸி எழுத்தாளர்களுக்கு ஒரு சிஏ-வின் கணக்கு



ராத்திரி கண் முழிச்சு 400 பக்கத்துக்கு ஒரு மாய உலகத்தை எழுதி முடிச்சாச்சு. எந்தப் பதிப்பகமும் பதில் போடலை. சரி, நாமே அச்சடிச்சு வித்துடலாம் என்று முடிவு பண்ணிட்டீங்க. கதை நல்லா இருக்கா இல்லையா என்று சொல்ல நான் ஆள் இல்லை. நான் பார்க்கப் போறது ஒரே ஒரு விஷயம்: அந்தப் புத்தகத்துக்கான பணம் எங்கிருந்து வருது? பல எழுத்தாளர்களோட வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது இந்தக் கேள்விதான்.

அமீஷ் எப்போ வேலையை விட்டார்?

அமீஷ் திரிபாதியை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சிவபெருமானை நாயகனா வெச்சு அவர் எழுதின முதல் நாவல் தமிழிலும் 'மெலூஹாவின் அமரர்கள்' என்று வந்தது. ஆங்கில மூலத்தை இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கடைசியில் அவரோட ஏஜென்ட் அனுஜ் பாஹ்ரி அச்சிடும் பொறுப்பை எடுத்துக்கிட்டார், விளம்பரத்தை அமீஷ் பார்த்துக்கிட்டார். 2010 பிப்ரவரியில் புத்தகம் வந்தது. முதல் அத்தியாயத்தைத் தனியா அச்சடிச்சு புத்தகக் கடைகளில் இலவசமா கொடுத்தாங்க. யூடியூபில் சினிமா மாதிரி ஒரு டிரைலரும் போட்டாங்க.

இது எல்லாரும் சொல்ற கதை. எனக்கு முக்கியமா படறது வேற. அமீஷ் கொல்கத்தா ஐஐஎம்-ல் படிச்சவர், 14 வருஷம் நிதித்துறையில் வேலை பார்த்தவர். முதல் புத்தகம் ஹிட் ஆன பிறகும் அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையை விடலை. ராயல்டி செக் சம்பளத்தைத் தாண்டின பிறகுதான் ராஜினாமா செஞ்சதா அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கார். 2013-ல் அடுத்த தொடருக்கு 5 கோடி ரூபாய் முன்பணம் என்று செய்தி வந்தப்போ எல்லாரும் அந்தத் தொகையைத்தான் பார்த்தாங்க. அதுக்கு முன்னாடி மாசாமாசம் வந்த சம்பளத்தை யாரும் கவனிக்கலை.

நொச்சிக்குப்பம் தம்பியின் கணக்கு

போன வருஷம் நொச்சிக்குப்பத்தில் இருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். பெயர் வேண்டாம். அம்மா மீன் விக்கிறாங்க, இவர் தனியார் கம்பெனியில் வேலை. கடலுக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம், அதை வெச்சு ஒரு நாவல். அம்மாவோட நகையில் 1 லட்சம் கடன் வாங்கி 500 பிரதி போடலாம் என்பது திட்டம்.

உட்கார்ந்து கணக்கு போட்டோம். விலைகள் ஆளுக்கு ஆள் மாறும், இதை உதாரணமா மட்டும் எடுத்துக்கோங்க.

- அச்சுச் செலவு: 500 பிரதி, ஒன்றுக்கு ரூ.120 = ரூ.60,000
- எடிட்டிங், அட்டைப்படம், லேஅவுட் = ரூ.40,000
- மொத்தம் = ரூ.1,00,000
- எம்ஆர்பி ரூ.350. கடைக்காரர் கழிவு 40% போக கைக்கு வருவது ரூ.210

அதாவது கடை வழியா 477 பிரதி வித்தாதான் போட்ட காசு திரும்பும். இப்போ கடனையும் சேர்த்துப் பார்க்கலாம். 12% வட்டி, ஸ்டாக் தீர 2 வருஷம் என்றால் வட்டி மட்டும் ரூ.24,000. மொத்தம் ரூ.1,24,000. இதை எடுக்க 591 பிரதி விக்கணும். அவர் அச்சடிக்கப் போறதே 500!

புரியுதா? ஒரு பிரதிகூட மிச்சமில்லாம வித்தாலும் ரூ.19,000 நஷ்டம். கதை தோற்கணும்னுகூட இல்லை, ஜெயிச்சாலே நகை போயிடும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவரே சொன்னார்: "எங்க குப்பத்துல ஏலக்காரர்கிட்ட முன்பணம் வாங்கினவங்க, பிடிச்ச மீனை அவர் சொல்ற விலைக்குத்தான் குடுக்கணும் சார்." இதைவிடத் தெளிவா நான் விளக்கியிருக்க முடியாது. படகில் வர்ற வருமானத்தில் டீசல், ஐஸ் செலவைக் கழிச்சிட்டு, படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பாங்க. கடல் கைவிட்டா நஷ்டமும் பிரியும். அமீஷும் அவர் ஏஜென்டும் செஞ்சது இந்த மாதிரிப் பங்குதான். அச்சுச் செலவு ஒருத்தர் தலையில், விளம்பரம் இன்னொருத்தர் தலையில்.

தம்பி நகையைத் தொடலை. நாவலை மின்னூலா போட்டுட்டு, கேட்கிறவங்களுக்கு மட்டும் அச்சடிச்சுத் தர்ற முறைக்குப் போனார். பெரிய லாபம் எதுவும் இன்னும் இல்லை. ஆனா ரெண்டாவது பாகம் எழுதிட்டு இருக்கார், கடன் தொல்லை இல்லாம.

வீட்டையே பணயம் வெச்சு ஜெயிச்சவங்க இருக்காங்களே?

இருக்காங்க. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃபர் பாவ்லினி 15 வயசில் 'எரகான்' என்ற டிராகன் கதையை எழுத ஆரம்பிச்சார். 2002-ல் குடும்பமே சேர்ந்து அதை வெளியிட்டது. பள்ளி, நூலகம், புத்தகக் கடை என்று 135-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள், பழங்கால உடை போட்டுக்கிட்டுப் போய்ப் பேசினார். இன்னும் சில மாசம் இழுத்திருந்தா வீட்டையே விக்க வேண்டிய நிலைமை. ஒரு பிரபல எழுத்தாளர் வீட்டுப் பையன் கையில் புத்தகம் கிடைச்சு, அவர் வழியா பெரிய பதிப்பகத்துக்குப் போய், 2003-ல் மறுபடியும் வெளிவந்தது.

ஜெயிச்சதால் இந்தக் கதை நமக்குத் தெரியுது. இதே மாதிரி வீட்டை வெச்சுத் தோற்ற குடும்பத்தை யார் பேட்டி எடுக்கப் போறாங்க? கரையேறின படகை மட்டும் எண்ணிட்டு கடலைப் பத்தி முடிவு பண்ணக் கூடாது.

வாசகர் பணம்: பாரதியும் சாண்டர்சனும்

'ஞானரதம்' என்று ஒரு அருமையான கற்பனைப் பயணத்தை எழுதின பாரதியார், 1920-ல் தன் எழுத்துகளை 40 புத்தகமா, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போட ஒரு திட்டம் போட்டார். அதாவது 4 லட்சம் பிரதி! அதுக்குத் தெரிஞ்சவங்களிடம் கடன் கேட்டு சுற்றறிக்கை அனுப்பினார். திட்டம் நிறைவேறலை, 1921 செப்டம்பரில் அவர் காலமாகிட்டார்.

102 வருஷம் கழிச்சு, 2022-ல் பிராண்டன் சாண்டர்சன் என்ற அமெரிக்க ஃபேன்டஸி எழுத்தாளர் நாலு நாவல்களை அறிவிச்சு, வாசகர்கள் கிட்டயே முன்பதிவு கேட்டார். சுமார் 1.85 லட்சம் பேர் 4.1 கோடி டாலருக்கு மேல் கொடுத்தாங்க.

காலமும் தேசமும் வேற, ஒப்பிடவே முடியாது. ஆனா பணத்தோட தன்மையைப் பாருங்க. கடன் என்றால் புத்தகம் விக்காட்டியும் திருப்பணும். முன்பதிவு என்றால் புத்தகத்தை அனுப்பினா போதும். இன்னொன்று, முதல் புத்தகத்துக்கே சாண்டர்சனுக்கு இந்தக் கூட்டம் வரலை. ஆரம்ப காலத்தில் ஹோட்டலில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கிட்டே எழுதினவர் அவர். அவருக்கும் முதலில் ஒரு சம்பளம் இருந்தது.

வரி: சுருக்கமா

- ராயல்டியும் விற்பனை லாபமும் ஒன்றில்லை. நீங்களே அச்சடிச்சு வித்தா அது வியாபார வருமானம். எல்லா பில்லையும் வெச்சுக்கோங்க.
- வருமான வரிச் சட்டத்தில் எழுத்தாளர் ராயல்டிக்கு ரூ.3 லட்சம் வரை கழிவு உண்டு. மொத்தத் தொகையா வாங்காத பட்சத்தில், விற்ற புத்தக மதிப்பில் 15% வரைதான் கணக்கில் எடுப்பாங்க. பாடப் புத்தகத்துக்குக் கிடையாது. புதிய வரி முறையிலும் கிடையாது.
- அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. மின்னூலுக்கு உண்டு.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி

1. ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட் தனியா இருக்கா?
2. புத்தகத்துக்கு ஒதுக்கும் பணம் முழுசாப் போனாலும் வீட்டில் அடுப்பு எரியுமா?
3. பேக்கேஜ் விக்கிற கம்பெனி என்றால், காப்புரிமை யார் பெயரில்? சினிமா, ஆடியோ, மொழிபெயர்ப்பு உரிமைகளும் உங்ககிட்டயே இருக்கா?
4. அச்சுக்கு முன்னாடி 100 பேராவது முன்பணம் கொடுத்திருக்காங்களா? வாட்ஸ்அப்பில் 'சூப்பர்' என்று அனுப்பினவங்களை எண்ணக் கூடாது.

நாலுக்கும் 'ஆமா, என் கையில்தான்' என்று பதில் வந்தா தைரியமா அச்சுக்கு அனுப்புங்க. இல்லைன்னா வேலையை வெச்சுக்கிட்டு எழுதுங்க. முதல் புத்தகம் ஓடலைன்னா ரெண்டாவதை எழுத உங்களுக்குத் தெம்பும் வேணும், தலைக்கு மேல கூரையும் வேணும்.

இந்த பிரேக் ஈவன் கணக்கை உங்க விலைகளை வெச்சு எப்படிப் போடறதுன்னு அடுத்த வீடியோவில் ஸ்டெப் பை ஸ்டெப்பா காட்டறேன்.