வாக்கு இயந்திரத்துக்குப் பணம் கட்டுவது யார்?

தேர்தலில் தவறு நேராமலிருக்க ஒரு புதிய விதி வருகிறது என்றால் நாம் எல்லோரும் வரவேற்போம். அந்த விதியை நிறைவேற்ற ஆகும் செலவு யார் தலையில் விழும் என்று கேட்பவர்கள் குறைவு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது.

அமெரிக்காவில் வாக்குப்பதிவைத் தேசிய ஆணையம் எதுவும் நடத்துவதில்லை. பென்சில்வேனியாவில் அந்தப் பொறுப்பு 'கவுண்டி' எனப்படும் 67 உள்ளாட்சி அமைப்புகளுடையது. இயந்திரம் வாங்குவது, பாதுகாத்து வைப்பது, பழுது பார்ப்பது, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அதே கவுண்டிதான் சிறையை நடத்துகிறது. ஆதரவற்ற குழந்தைகளைப் பராமரிக்கிறது. சில இடங்களில் முதியோர் இல்லமும் அதன் கையில்தான். அதற்குச் சொந்த வரி வருவாய் என்றால் பெரும்பாலும் மக்கள் கட்டும் சொத்து வரி. இயந்திரத்துக்குப் போகும் பணமும் முதியோர் இல்லத்துக்குப் போகும் பணமும் ஒரே பையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில், துளையிடும் அட்டைகளால் ஃப்ளோரிடாவில் பெருங்குழப்பம் ஏற்பட்டது. 537 வாக்குகள் முடிவைத் தீர்மானித்தன. அதனால் 2002-இல் மத்திய அரசு புதிய சட்டம் இயற்றி, பழைய கருவிகளை மாற்ற நிதியும் கொடுத்தது. பார்வையற்றோரும் பிறர் துணையின்றி வாக்களிக்க வசதி வேண்டும் என்றது. அது மிக நல்ல விதி. அந்த நிதியில் பென்சில்வேனியாவின் பல கவுண்டிகள் தொடுதிரை இயந்திரங்களை வாங்கின. அவற்றில் காகிதப் பதிவு கிடையாது.

2018 ஏப்ரலில் மாநில அரசு, வாக்காளர் தாமே சரிபார்க்கக்கூடிய காகிதப் பதிவு உள்ள இயந்திரங்களுக்கு எல்லாக் கவுண்டிகளும் மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. 2020 முதல்கட்டத் தேர்தலுக்குள் வேலை முடிய வேண்டும். அப்போது 67 கவுண்டிகளுக்கும் சேர்த்துக் கையிலிருந்த உதவி ஏறத்தாழ 1.4 கோடி டாலர். ஒரு கவுண்டிக்குச் சராசரியாக 2 லட்சம் டாலர் சொச்சம். நடுத்தரக் கவுண்டியான நார்த்தாம்டனுக்கு மட்டுமே ஏறத்தாழ 30 லட்சம் டாலர் தேவைப்பட்டது! விருந்துக்கு அழைப்பவர் ஒருவர், அரிசி வாங்குபவர் இன்னொருவர் என்பது போலத்தான்.

2019 ஜூலையில் 9 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வழி செய்த மசோதாவை, அதிலிருந்த வேறு பிரிவுகளுக்காக ஆளுநர் டாம் உல்ஃப் நிராகரித்தார். அக்டோபர் 31-இல்தான் 77-ஆம் சட்டம் வந்தது. செலவில் 60 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும் என்றானது. அதற்குள் பல கவுண்டிகள் ஒப்பந்தம் போட்டுவிட்டன.

அப்படியானால் காகிதப் பதிவு வீண் செலவா? இல்லை. அந்த நவம்பரிலேயே நார்த்தாம்டனில் புது இயந்திரம் கோளாறு செய்தது. நீதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ஒருவருக்கு வெறும் 164 வாக்குகள் என்று காட்டியது. இரவோடு இரவாகக் காகிதங்களை எண்ணியபோது அவருக்கு 26,000-க்கும் மேல் இருந்தது, அவரே வென்றவர். காகிதம் இல்லாத பழைய இயந்திரமாக இருந்திருந்தால் எதை வைத்துச் சரிபார்ப்பது?

எனவே விதியைக் குறை சொல்ல இடமில்லை. உதவி ஒருமுறை வருகிறது, செலவோ ஆண்டுதோறும் வருகிறது என்பதுதான் கவுண்டிகளின் குறை. மென்பொருள் உரிமம், பராமரிப்பு ஒப்பந்தம், வாக்குச்சீட்டு அச்சடிப்பு ஆகியவை அந்த 60 சதவீதத்தோடு முடிந்துவிடுவதில்லை. பணம் கொடுத்த அதே 77-ஆம் சட்டம், காரணம் சொல்லாமலே யாரும் தபாலில் வாக்களிக்கலாம் என்றும் அனுமதித்தது. அதனால் உறைகளைப் பிரிக்கக் கருவி, பிரித்து அடுக்க ஆட்கள் என்று அடுத்த பட்டியலும் கவுண்டி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய தேர்தல் உதவி ஆணையம் இயந்திரங்களுக்கான புதிய தர வழிகாட்டியையும் ஏற்றுக்கொண்டது. பென்சில்வேனியாவின் புது இயந்திரங்கள் அப்போது அதிபர் தேர்தலில் ஒரே ஒரு முறைதான் பயன்பட்டிருந்தன.