தலையை மட்டும் எடுத்திருக்கீங்களே, தம்பி!

தஞ்சாவூர்ப் பக்கம் கேமராவும் கையுமாக ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால் மூன்று கேள்விகள் கட்டாயம் வரும். ‘எந்தப் பத்திரிகை?’, ‘டி.வி-யில எப்ப வரும்?’, ‘முதியோர் பென்ஷனுக்கா?’ மூன்றுக்கும் ‘இல்லீங்க’ என்று சொல்லிவிட்டால் நாலாவது வரும். அதுதான் கஷ்டமான கேள்வி.

‘‘அப்ப எதுக்கு எங்களை எடுக்குறீங்க?’’

நியாயம்தானே? முன்பின் தெரியாத ஓர் ஆள் பஸ்ஸை விட்டு இறங்கி நம் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டினால் நாம் சும்மா இருப்போமா? நகரத்தில் என்றால் கைகலப்பாகியிருக்கும். இங்கே, ‘‘வெயில்ல நிக்கிறீங்களே, மோர் குடிக்கிறீங்களா?’’ என்கிறார்கள். அந்த மோரைக் குடித்த பிறகு நாலாவது கேள்வி இன்னும் கனமாகிவிடுகிறது.

சம்பா நடவு நேரத்தில் டெல்டா பக்கம் போய்ப் பழகாத யாத்ரீக போட்டோகிராபர் கிடையாது. எல்லோரும் எடுப்பது ஒரே படம்தான். தண்ணீர் கட்டிய வயல், வரிசையாகக் குனிந்த பெண்கள், பின்னால் நாலு தென்னை. காலண்டருக்கு அம்சமாக இருக்கும். அம்மாப்பேட்டைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வரிசைக்கு எதிரே நான் நின்றபோது, நடுவில் இருந்த அக்கா நாற்றோடு நிமிர்ந்தார்.

‘‘ஏந்தம்பி, வர்றவங்க எல்லாம் நாங்க குனிஞ்சிருக்கப்பவே எடுத்துட்டுப் போறீங்களே... முதுகுதான் தெரியும், மூஞ்சி தெரியாது. நிமிர்ந்தா படம் விழாதோ?’’

வரிசையே சிரித்தது. அவர்கள் கரையேறி டீ குடிக்கும் வரை காத்திருந்து, ஒவ்வொருவராக எடுத்தேன். ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன்: உச்சி வெயிலில் முகத்தை எடுத்தால் கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் தெரியும். ஆனால், காலை வெயிலில் வயல் தண்ணீரே கீழிருந்து வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுக்கும். ஸ்டூடியோக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் ரிஃப்ளெக்டர் இங்கே மடைக்கு மடை இலவசம்! ஊருக்குள் போனால் திண்ணை. மேலே நிழல், தெருப் பக்கமிருந்து வெளிச்சம். முகம் எடுக்க அதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை.

அப்படி ஒரு திண்ணையில்தான் எண்பதைத் தாண்டிய ஓர் ஆயாவை எடுத்தேன். காதில் பாம்படம் தொங்கிய ஓட்டை, வெற்றிலைச் சிவப்பு, நெற்றி நிறையச் சுருக்கம். சிரித்த நொடியில் ஒரு க்ளோஸ்-அப். போட்டிக்கு அனுப்பினால் பரிசு நிச்சயம் என்கிற ரகம். பெருமையாக ஸ்க்ரீனில் காட்டினேன். ஆயா கேமராவைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, கடைசியில் கேட்டார்:

‘‘ஒடம்பு எங்க? தலையை மட்டும் எடுத்திருக்கீங்களே, தம்பி!’’

‘‘முகம் நல்லா இருக்குல்ல, ஆயா?’’

‘‘பல்லு தெரியுது. ஒரு காதைக் காணோம். காலைக் காணோம். இதை வச்சு என்னா பண்றது?’’

உள்ளே போய்ப் புதுப் புடவை கட்டி வந்தார். நாற்காலி கேட்டார். முழங்கால் மேல் இரண்டு கை, இரண்டு காதும் தெரிய நேர்ப் பார்வை, துளி சிரிப்பில்லை. ‘‘இப்ப எடுங்க. கால் விரல் வரைக்கும் வரணும்.’’

இது பழைய ஸ்டூடியோ இலக்கணம். திரைச் சீலை, ஸ்டூல், பூச்சாடி வைத்து நம் தாத்தா பாட்டிகள் எடுத்துக்கொண்டதெல்லாம் இந்தக் கணக்கில்தான். அதன் காரணம் ஆயா வாயால் வந்தது. ‘‘நாளைக்குச் செவத்துல மாட்டணும்ல?’’

ஒரு காலத்தில் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தார்கள். இப்போது பயம் தலைகீழ். போட்டோ இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்பதுதான். சேஷன் 1993-ல் கட்டாயமாக்கிய வாக்காளர் அட்டைதான் பல வயதானவர்களுக்கு முதல் போட்டோ. சிலருக்கு அதுவே கடைசி. ஆள் போன பிறகு அந்தத் தபால்தலை சைஸ் முகத்தைத்தான் பிள்ளைகள் ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவரும் பெரிதாக்கி, கம்ப்யூட்டரில் பட்டுப் புடவை கட்டி, தாத்தாவாக இருந்தால் கோட்டே மாட்டிக் கொடுப்பார். வாழ்நாள் முழுக்க துண்டு தவிர வேறு தோளில் போடாத மனிதர், மாலைக்குள்ளே டையோடு முறைப்பார்!

ஊர் பேர் தெரியாதவர்களைப் படமாக்குவது தஞ்சாவூருக்குப் புதிதில்லை. சரபோஜி மன்னர் (1798-1832) காலத்தை ஒட்டி, இங்கிருந்த ஓவியர்கள் கம்பெனி வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டுக் கட்டாகப் படம் வரைந்தார்கள். ஒரு தாளுக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி ஜோடி, கையில் அவரவர் தொழில் சாமான். லண்டன் மியூசியங்களில் இன்றும் இருக்கின்றன. பக்கத்தில் எழுதியிருப்பது ஜாதியின் பெயர் அல்லது தொழிலின் பெயர். ஆளின் பெயர்? கிடையாது.

1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ கேப்டன், மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராகத் தஞ்சைக்கு வந்தார். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுக்களை 21 படங்களாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பிரமாத வேலை! ஆனால், அவர் படங்களில் மனித முகத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தக் கால கேமராவுக்கு ஆடாமல் அசையாமல் நிற்கக் கல்லால்தான் முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே கோயிலின் கல்லுக்கு இந்த விஷயத்தில் நம்மைவிட மரியாதை தெரியும். கோயில் பணிக்கு வந்த 400 தளிச்சேரிப் பெண்களின் பெயரை, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதோடு வெட்டி வைத்திருக்கிறார் ராஜராஜன். ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் என்ற கணக்கோடு! ஆயிரம் வருஷம் கழித்து நாம் எழுதும் கேப்ஷன்: ‘தஞ்சை மூதாட்டி’.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1936-ல் கலிஃபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் குழந்தைகளோடு தவித்த ஒரு தாயை டொரோதியா லாங் எடுத்தார். உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த முகங்களில் ஒன்று அது. பேர் கேட்கவில்லை என்று லாங்கே பிறகு எழுதினார். 1978-ல்தான் அந்தப் பெண்மணி ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று வெளியே தெரிந்தது. காசு வரவில்லை என்பதோடு அவருக்கு இன்னொரு ஆதங்கம். ஒரு காப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள், வரவே இல்லை!

எனவே என் பையில் லென்ஸோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கும். பேர், தெரு, அடையாளம். இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்காரர் பேர் கேட்டால் வயதான பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

‘‘பழநியில இருக்காருல்ல...’’

‘‘முருகனா?’’

‘‘மொட்டையா நிப்பாருல்ல...’’

‘‘தண்டபாணியா?’’

அதற்குள் பக்கத்து வீட்டுச் சிறுமி போட்டு உடைத்துவிடுவாள். தெருவே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் இரண்டு படம் தேறும் என்பது வேறு விஷயம்.

ஆளுக்கு இரண்டு படம் எடுக்கிறேன். ஒன்று என் ஆசைக்கு, ஒன்று அவர்கள் சொல்கிறபடி. அவர்கள் சொல்கிறபடி எடுப்பதைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். போக முடியாவிட்டால், அந்த ஊர் டீக்கடை விலாசத்துக்குத் தபால். ஒரு பிரிண்டுக்கு ஆகிற செலவு டீ, வடைக்குள் அடங்கிவிடும். ‘போன்ல அனுப்பிடுங்க’ என்று இளவட்டங்கள் சொல்வார்கள். அனுப்பலாம்தான். அந்த போன் உடைந்தால் படமும் போச்சு. சுவரில் மாட்ட முடியாது.

போன தை மாசம் ஆயாவின் ஊருக்கே நேரில் போனேன். கவரை ஆயாவிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். கால் விரலை ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி பார்த்தார். முந்தானையில் துடைத்து, ரேஷன் கார்டு இருந்த டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சிரித்த படத்தையும் கொடுத்தேன். ‘‘இதைப் பேத்திக்கு வச்சுக்கட்டும்’’ என்று தள்ளிவிட்டார்.

திரும்பும்போது டீக்கடைக்காரர் என்னை நிறுத்தி ஒரு பேப்பரை நீட்டினார். படம் வேண்டும் என்று பேர் கொடுத்தவர்கள் பட்டியல். மொத்தம் பதினேழு. கடைசியில் ஒரு பசுமாடு!

‘‘நெசமாத்தான் தம்பி. அடுத்த மாசம் விக்கப் போறாராம், அதுக்கு முன்னாடி ஒண்ணு வேணுமாம்’’ என்றவர், ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: ‘‘நாலு காலும் தெரியணும்னாரு.’’