பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஓலைக்கும் ஓட்டுக்கும் பதிலாக ஒரு காலத்தில் நம் ஊர்களில் பலரும் போட்டது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஒழுகாது, தீப்பிடிக்காது, விலையும் குறைவு என்பதால் வீடு, மொட்டை மாடிக் கொட்டகை, ஆட்டுக் கொட்டில், குளியலறை என்று எங்கும் பரவியது. இன்று அந்த வீடுகளை நாம் பிரித்துக் கட்டுகிறோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருபவர் ஒரே மாதத்தில் வேலையை முடிக்க நினைப்பார். ஆட்கள் வந்து ஷீட்டைச் சம்மட்டியால் தட்டி உடைத்துக் கீழே தள்ளுவார்கள். அரை நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த அரை நாள் தூசியை அங்குள்ள அனைவரும் சுவாசிக்கிறார்கள்.

எதனால் ஆபத்து?

ஆஸ்பெஸ்டாஸ் என்பது பூமியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் நார் போன்ற கனிமம். தமிழில் கல்நார் என்பார்கள். இதைச் சிமெண்டுடன் கலந்துதான் ஷீட் தயாரிக்கிறார்கள். ஷீட் முழுதாக இருக்கும்வரை நார்கள் சிமெண்டுக்குள் சிக்கியிருக்கும். உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளையிடும்போதும், தேய்க்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகளாகக் காற்றில் கலந்து நுரையீரலின் ஆழத்தில் போய்த் தங்கிவிடும்.

இதனால் நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய், நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ் ஆகியவை வரலாம். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. நோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால்தான் 'இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே' என்ற எண்ணம் நம்மை ஏமாற்றுகிறது. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடும்.

60க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இன்னும் விற்பனையில் இருக்கிறது. கடையில் கிடைப்பதால் தீங்கில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

வேலை செய்பவரோடு இது முடிவதுமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் தூசி படிந்த உடைகளைத் துவைத்த மனைவிமார்களுக்கும் மீசோதீலியோமா வந்திருப்பது பல நாடுகளில் பதிவாகியுள்ளது.

ஷீட் நல்ல நிலையில் இருந்தால்

பதற வேண்டாம். விரிசலோ உதிர்வோ இல்லாத ஷீட்டை அப்படியே விட்டுவைப்பதே நல்லது. ஃபேன் மாட்டவோ வயர் இழுக்கவோ அதில் துளையிடாதீர்கள். பாசி பிடித்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஷீட்டா, கலக்காததா என்பதைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. பழைய சிமெண்ட் ஷீட் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தே ஆக வேண்டுமென்றால்

1. அனுபவமுள்ள ஆட்களை அமர்த்தி, 'ஒரு ஷீட்டும் உடையக் கூடாது' என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி கொடுங்கள்.

2. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களை அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கிணறு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னல்களை மூடுங்கள்.

3. ஷீட்டின் மேல் யாரும் ஏறி நடக்கக் கூடாது. பழைய ஷீட் திடீரென உடைந்து ஆள் கீழே விழுந்து உயிரிழப்பது புதிதல்ல. சாரம் கட்டி நின்று வேலை செய்யட்டும்.

4. சோப்பு கலந்த தண்ணீரை மெதுவாகத் தெளித்து ஷீட்டை நனையுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் நார் உதிரும். போல்ட்டுகளைக் கழற்றி, ஷீட்டை முழுதாக இறக்குங்கள், மேலிருந்து போடாதீர்கள்.

5. முகத்தில் கட்டும் துண்டும் சாதாரண மாஸ்க்கும் இந்த நாரைத் தடுக்காது. பி100 அல்லது எஃப்எஃப்பி3 வகை மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அது முகத்தோடு சரியாக ஒட்டாமல் இடைவெளி விழும். எனவே தாடி வைத்திருப்பவர்கள் இந்த வேலையிலிருந்து விலகியிருப்பது நல்லது.

6. தரையில் விழுந்ததை உலர்ந்த நிலையில் விளக்குமாறால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவோடு கட்டிவிடுங்கள். வேலைக்கு அணிந்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காதீர்கள். ஆட்கள் குளித்து, உடை மாற்றிச் செல்ல வசதி செய்து கொடுங்கள்.

கழற்றிய ஷீட்டை என்ன செய்வது?

தடித்த பாலித்தீன் விரிப்பில் சுற்றி ஒட்டி, மேலே 'ஆஸ்பெஸ்டாஸ், உடைக்காதீர்' என்று எழுதுங்கள். நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்திலும், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் அப்புறப்படுத்தும் வழியைக் கேளுங்கள். ஏற்பாடு ஆகும்வரை யாரும் கைவைக்காத இடத்தில் இருக்கட்டும். காலி மனையிலோ குளக்கரையிலோ கொட்டினால், அதன் துண்டுகளைச் சில்லு விளையாட எடுப்பது நம் பிள்ளைகள்தான்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கழற்றிய ஷீட்டை வீடில்லாத ஓர் ஏழைக்குக் கொடுத்தால் நன்மைதானே என்று சிலர் நினைக்கிறோம். நோய் தரும் என்று நம் பிள்ளைகளின் தலைக்கு மேலிருந்து இறக்கியதை இன்னொருவர் பிள்ளைகளின் தலைக்கு மேல் ஏற்றுவது தர்மமாகாது. உதவ நினைத்தால் அந்தக் குடும்பத்துக்குத் தகர ஷீட் வாங்கிக் கொடுக்கலாம்.

எப்போதோ ஒருமுறை தூசி பட்டதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆபத்து பெரும்பாலும் எவ்வளவு, எத்தனை காலம் சுவாசித்தோம் என்பதைப் பொறுத்தது. ஆனால் பல ஆண்டுகள் ஷீட் வேலை செய்தவருக்கு மூச்சுத் திணறலோ விடாத வறட்டு இருமலோ இருந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டி, செய்த தொழிலையும் சொல்ல வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிடுவது நல்லது.