சேபர் விமானமும் அதன் சிற்றுருவமும்

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் தோன்றிய ஜெட் போர் விமானங்களுள், பேராக் மாநிலத்தில் கோப்பெங் போன்ற ஊர்களில் வாழும் நமக்கு மிகவும் அண்மையில் வந்து தங்கியவற்றுள் ஒன்று சேபர். 1947 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் முதன்முதலாகப் பறந்த இவ்விமானத்தை ஆஸ்திரேலியர் தம் தேவைக்கேற்ப மாற்றியமைத்து, 1958-இல் பட்டர்வொர்த் விமானத் தளத்திற்குக் கொண்டுவந்தனர். மலாயா அவசரகாலத்தின் இறுதிக் கட்டத்தில் அவை காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினரைத் தாக்கவும் பயன்பட்டன. 1969-இல் 10 சேபர்கள் மலேசிய விமானப் படைக்கு நன்கொடையாகக் கிடைத்தன.

அவ்விமானத்தை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கி, நாமே ஒட்டிச் சேர்க்கும்படி பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் அடைத்துத் தருவதே மாடல் கிட். 11.3 மீட்டர் இறக்கை அகலம் அதில் ஏறத்தாழ 15.7 சென்டிமீட்டராகிறது. சட்டத்தோடு சேர்ந்து வார்க்கப்பட்ட துண்டுகளைக் கூரிய கத்தியால் பிரித்து, எஞ்சிய பிசிறை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து நீக்கிய பிறகே பசையிட வேண்டும். அந்தப் பசை, பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைச் சிறிது கரைத்து, இரு விளிம்புகளையும் ஒன்றாக்கிவிட்டுத் தான் ஆவியாகிவிடும் தன்மையது. ஆகையால் அதிகமாக இட்டால் பிளாஸ்டிக்கே உருகிப் பாழாகும்.

இறக்கைகளைப் பொருத்தும்போது அவை 35 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைக் காணலாம். ஒலியின் வேகத்தை நெருங்குகையில் திடீரென ஓங்கும் காற்றின் எதிர்ப்பை இச்சாய்வு தள்ளிப்போடுகிறது. அடுத்து, உடற்பகுதியின் இரு பாதிகளை மூடுமுன் மூக்கினுள் தூண்டிலுக்குரிய ஈயக்குண்டொன்றை ஒட்டிவைப்பது அவசியம். இல்லையேல், பாரம் முழுவதும் பின்சக்கரங்களுக்கு அப்பால் விழுந்து, மாடல் வாலை ஊன்றி உட்கார்ந்துவிடும்.

இதே சமநிலைப் பிரச்சினை மெய்யான விமானத்தை மாற்றியமைத்த ஆஸ்திரேலியருக்கும் எழுந்தது. அமெரிக்க எஞ்சினுக்குப் பதிலாக அவர்கள் ஏற்ற விரும்பிய ரோல்ஸ்-ராய்ஸ் ஏவான், நீளத்திலும் எடையிலும் குறைந்தது. எனவே பாரமையம் பிறழாதிருக்க அதனைச் சற்றுப் பின்தள்ளி வைக்க நேர்ந்தது. அதிகக் காற்றை உட்கொள்ளும் அதன் பொருட்டு முன்வாயையும் பெரிதாக்கினர். இவ்வாறு உடற்பகுதியில் 60 சதவீதத்திற்கு மேல் மாறிற்று. 6 இயந்திரத் துப்பாக்கிகள் இருந்த இடத்தில் 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டு அமைந்தன.

ஆதலால் மலேசிய சேபரைச் செய்ய விரும்புவோர், அமெரிக்க வகையின் கிட்டை வாங்கி, நீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் டெக்கால் சின்னங்களை மட்டும் மாற்றினால் போதாது. ஆஸ்திரேலிய வகையையே தேடிப் பெற வேண்டும். எஞ்சின் ஒன்றை மாற்றினால் விமானத்தின் உடற்பகுதியும் பெரிதும் மாற வேண்டியிருக்கிறது என்னும் பொறியியல் உண்மையைக் கைவேலையாகவே கற்பிக்கும் இச்சாதனத்தை, பெற்றோரும் ஆசிரியரும் விளையாட்டுப் பொருளென ஒதுக்காமல் இளைஞர் கையில் கொடுப்பார்களாக.