மடியிலே கனம்

"மடியிலே கனமிருந்தால் வழியிலே பயம்" என்பது நம்மவர் வாயில் நாளாந்தம் பயிலும் பழமொழி. சந்தைக்குச் சென்று திரும்பும் ஆச்சி, பணத்தைச் சேலை மடிப்பிலே செருகிவிட்டு, வழிநெடுக அதனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடப்பதை நாம் கண்டிருக்கின்றோம். கனம் முதலில், பயம் பின்னர். இந்த ஒழுங்கு தலைகீழாகிய நாடும் ஒன்று உண்டு. அங்கே வழியிலே பயம் என்பதற்காகவே சிலர் மடியிலே கனத்தை ஏற்றிக்கொள்ளுகின்றனர். அக்கனம் பணமன்று, கைத்துப்பாக்கி.

ஐக்கிய அமெரிக்காவைப் பற்றியே கூறுகின்றோம். சில மாதங்களுக்கு முன்னர், நம்மிடம் கல்வி பயின்ற மாணவி ஒருத்தி டெக்ஸாஸ் மாநிலத்திலிருந்து கடிதம் எழுதியிருந்தாள். அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, வைத்தியசாலையொன்றிலே தாதியாகக் கடமை புரிபவள். கணவர் தொழில் நிமித்தம் அடிக்கடி வெளியூர் செல்பவர். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுண்டு. இரவு பதினொரு மணிக்குக் கடமை முடிந்ததும், வாகனத் தரிப்பிடத்தின் கோடிவரை அவள் தனியே நடக்கவேண்டும்.

"சேர், என்னோடு வேலை செய்யும் பெண்களிற் சிலர் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். நானும் பயிற்சி வகுப்பொன்றிற் சேர்ந்துள்ளேன். எந்தத் துப்பாக்கி வாங்கப்போகிறாய் என்று கேட்பார்கள் என நினைத்தேன். ஆனால், அதனை உடம்பில் எங்கே வைக்கப்போகிறாய் என்றே முதலிற் கேட்டார்கள்" என்று அவள் எழுதியிருந்தாள். அந்தக் கேள்வி நம்மைச் சிந்திக்க வைத்தது. அதன்பின் நாம் படித்தறிந்தவற்றையும், அவள் தொடர்ந்து எழுதியவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

சட்டம் சொல்வது

நம் நாட்டிலே 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாகும். அமெரிக்காவின் நிலை வேறு. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அந்நாட்டு அரசியலமைப்பின் இரண்டாந் திருத்தத்திலே இடம்பெற்றுள்ளது. அது தனி மனிதனுக்குரிய உரிமையே என 2008ஆம் ஆண்டிலும், வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி கொண்டுசெல்வதும் அவ்வுரிமையுள் அடங்கும் என 2022ஆம் ஆண்டிலும் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனினும், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். வெர்மொண்ட் மாநிலம் அனுமதிப்பத்திரம் ஒருபோதும் கேட்டதில்லை. இலினோய் மாநிலமோ மறைத்துக் கொண்டுசெல்வதை 2013ஆம் ஆண்டுவரை எவ்வகையிலும் அனுமதிக்கவில்லை. 2024ஆம் ஆண்டளவில் 29 மாநிலங்கள் அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை என விதித்துவிட்டன. டெக்ஸாஸ் 2021 செப்டெம்பரில் அவ்வரிசையிற் சேர்ந்தது. சட்டம் அனுமதி தந்துவிட்டது. ஆனால், ஒரு பெண்ணின் உடையிலே அதற்கு இடம் எங்கே?

பையில்லாத உடை

ஆடவர் உடையில் எங்கு நோக்கினும் பைகள். மேற்கு நாட்டுப் பெண்கள் உடையிலே அவை அரிது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலப் பெண்கள் தனியே தைத்த பைகளை நாடாவிற் கோத்து இடுப்பிலே கட்டி, மேற்பாவாடையின் பிளவு வழியாகக் கையை விட்டு எடுத்தார்கள். நம் பாட்டிமாரின் மடிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி எனலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உடலோடு ஒட்டிய மெல்லிய அங்கிகள் நாகரிகமாயின. இடுப்புப் பைக்கு இடமில்லாது போய்விடவே, கையிலே தொங்கும் சிறுபை பிறந்தது. அன்று கைக்கு வந்த பை இன்றும் கையைவிட்டு இறங்கவில்லை. நீலக் காற்சட்டைகளை அளந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு, பெண்களுக்கான முன்பைகள் ஆண்களுடையவற்றிலும் சராசரி 48 சதவீதம் ஆழம் குறைந்தவை எனக் காட்டிற்று.

இக்குறையை வணிகர் பண்டே அறிந்திருந்தனர். குளிர்காலத்திற் கைகளைப் புகுத்திக்கொள்ளும் மென்மயிர் உறைக்குள் அடங்கத்தக்க சிறு துப்பாக்கிகள் பெண்களுக்கென ஐரோப்பாவில் விற்கப்பட்டன. அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 'லேடிஸ்மித்' என்னும் சின்னஞ்சிறு சுழல்துப்பாக்கியை 1902ஆம் ஆண்டு முதல் 1921 வரை செய்தது. குறிதவறாது சுடுவதிற் புகழ்பெற்ற அனி ஓக்லி அம்மையார் (1860–1926) ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சுடுகலையைப் பயிற்றினார். ஆக, பெண்ணும் துப்பாக்கியும் என்பது அந்நாட்டிலே புதிய கதையன்று.

உறையின் கடமை

துப்பாக்கியின் உறையை மூக்குக்கண்ணாடிக் கூடு போன்றதென எண்ணிவிடலாகாது. அதற்கு நான்கு கடமைகள் உண்டு. விசையை முற்றாக மூடிக் காத்தல் முதலாவது. விசையின்மேல் விரலோ துணியோ படாதவரை துப்பாக்கி உறங்கும். குனிந்தாலும் ஓடினாலும் நழுவவிடாது பிடித்திருத்தல் இரண்டாவது. என்றும் ஒரே இடத்தில் நிலைத்து, வேண்டும்போது கைக்கெட்டுதல் மூன்றாவது. துப்பாக்கியை உருவிய பின்னும் வாய் மூடிக்கொள்ளாதிருத்தல் நான்காவது. வாய் மூடிய உறையிலே மீண்டும் செருக முயல்வோர் தம் கையையே துப்பாக்கி முனைக்கு எதிரே நீட்டுபவராவர்.

தோலுறை உடலுக்கு இதமானது. ஆயினும், நாட்பட்டுத் துவண்ட தோலின் மடிப்பொன்று விசைக்குள் அகப்பட்டு, செருகும்போதே வெடித்ததும் உண்டு. ஆதலால், 'கைடெக்ஸ்' எனப்படும் விறைத்த பிளாஸ்திக்கைச் சூடாக்கி, அந்தந்தத் துப்பாக்கியின் உருவத்துக்கே வார்த்த உறைகளை இன்று பலரும் விரும்புகின்றனர்.

இனி இடத்தைப் பார்ப்போம். ஆடவர் பெரும்பாலும் வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னே, காற்சட்டையின் உட்புறத்திற் செருகுவர். பெண்ணின் இடை ஒடுங்கி இடுப்பு விரிவதால், அதே உறை அவள் உடலில் வெளிப்புறமாகச் சாய்ந்து, பிடி விலா எலும்பை இடிக்கும். அவளுக்கு இடுப்பின் முன்புறமே பெரும்பாலும் பொருந்தும் எனப் பயிற்றுவோர் பலர் கூறுகின்றனர். உறையின் கீழே ஆப்புப் போன்ற சிறு மெத்தை வைத்தால் பிடி உடலோடு படியும். விறைப்பான இடைவாரும் வேண்டும். ரவை நிரப்பிய சிறு துப்பாக்கி, ஓர் இறாத்தற் பாணிலும் பாரமானது. துவண்ட துணிநாடா அதைத் தாங்காது.

இடைவார் கட்டாத உடை அணிவோர்க்கு, வயிற்றைச் சுற்றும் இழுபடும் பட்டி ஏற்றது. அதிலும் விசையை மூடும் விறைத்த தகடு இருத்தல் அவசியம். பாவாடையின் உள்ளே தொடையிற் கட்டுவதும் உண்டு. அது நடக்க நடக்க வழுக்கும். மார்புக் கச்சையோடு இணைக்கும் உறையும் விற்பனையாகின்றது. அதிலே துப்பாக்கியின் முனை அணிந்தவளின் உடலையே நோக்கக்கூடும். 2015ஆம் ஆண்டு தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்துப் பெண்ணொருத்தி அத்தகைய உறையைச் சரிசெய்யும்போது வெடித்து உயிர் நீத்தாள்.

கைப்பையின் கதை

எல்லாவற்றினும் இலகுவாகத் தோன்றுவது கைப்பையே. துப்பாக்கிக்கெனத் தனியறை வைத்துத் தைத்த பைகள் அழகழகாக விற்கப்படுகின்றன. ஆனால், திருடன் முதலிற் பறிப்பது அந்தப் பையையே. பை நாற்காலியிலே தொங்கும். கடைத் தள்ளுவண்டியிலே கிடக்கும். மறதியிற் குளியலறையிலே தங்கிவிடும். 2023ஆம் ஆண்டில் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளிற் பயணிகளிடம் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அவற்றில் 93 சதவீதம் ரவை நிரப்பியவை. பைக்குள் கிடந்ததை மறந்துவிட்டோம் என்பதே அங்கே அடிக்கடி கேட்கும் விடை.

2014 டிசெம்பர் 30ஆந் திகதி ஐடஹோ மாநிலத்துக் கடையொன்றிலே நிகழ்ந்ததை எழுத நம் கை தயங்குகின்றது. இளந் தாயொருத்தி தன் இரண்டு வயது மகனைத் தள்ளுவண்டியில் இருத்திப் பொருள் வாங்கிக்கொண்டிருந்தாள். அருகிலே கைப்பை, துப்பாக்கிக்கென்றே செய்த, இழுபூட்டு இட்ட பை. குழந்தையின் கை உள்ளே சென்றது. தாய் அங்கேயே மாண்டாள். அவள் அனுமதிப்பத்திரம் பெற்றவள்; துப்பாக்கியோடு பழகியவள்.

நம் மாணவியின் பயிற்றுநர் இதனாலேதான் போலும், மாணவியர் எவரையும் உடனே துப்பாக்கி வாங்க விடவில்லை. சுட முடியாத, நீல நிறப் பிளாஸ்திக்குப் போலித் துப்பாக்கியைக் கொடுத்து, இரண்டு வாரம் அதனோடு வாழ்ந்துவிட்டு வருமாறு பணித்தார். முதல் நான்கு நாள் இடுப்பிலே செருகினாள். குழந்தையைத் தூக்கக் குனிந்தபோதெல்லாம் பிடி வெளியே தெரிந்தது. காரில் அமர்ந்தால் வயிற்றை அழுத்திற்று. அடுத்த நான்கு நாள் பட்டி கட்டினாள். வெயிலில் வியர்த்து ஊறிற்று. ஒன்பதாம் நாள் அலுப்பினாற் கைப்பைக்குள் போட்டுவிட்டாள்.

அன்று மாலை சமையலறையில் நின்றவளிடம் குழந்தை ஓடிவந்தது. இனிப்புத் தேடித் தாயின் பையைத் துழாவுவது அதன் வழக்கம். "அம்மா, இந்த விளையாட்டுச் சாமான் எனக்கா?" என்று இரு கைகளாலும் நீட்டியது. நீலத் துப்பாக்கியின் முனை தாயை நோக்கியிருந்தது.

"சேர், அன்றிரவு நான் உறங்கவில்லை" என்று மட்டுமே அக்கடிதத்தின் அப்பக்கத்தில் எழுதியிருந்தாள்.

பயம் எங்கே?

வெளியிலுள்ள அபாயத்துக்கு அஞ்சி வாங்கும் ஆயுதம் வீட்டுக்குள்ளேயே வாழ்கின்றது. கலிபோர்னியாவில் 2004 முதல் 2016 வரை நடத்திய பேராய்வொன்று 2022ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தாம் துப்பாக்கி வைத்திராது, அதனை வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்வோர், துப்பாக்கியற்ற வீட்டாரிலும் இரு மடங்குக்கு மேலாகக் கொலையுண்டனர். கணவராலோ மனைவியாலோ துணைவராலோ வீட்டிலே சுடப்பட்டு இறந்தோர் வீதம் ஏழு மடங்கு. அவ்வாறு இறந்தோரில் 84 சதவீதத்தினர் பெண்கள்.

எனினும், ஆயுதம் தாங்கும் பெண்களை எளிதிற் குறைகூறல் நமக்குத் தகாது. துரத்திவரும் முன்னாட் கணவனுக்கு அஞ்சி வாழ்பவளும், காவல்துறை வந்துசேர நெடுநேரமாகும் நாட்டுப்புறத்திலே தனித்திருப்பவளும் அவர்களுள் உளர். அவர்களுடைய அச்சம் மெய்யானது. ஆனால், உறையைத் தேர்பவள் உடைக்கேற்ற அணியைத் தேர்வதில்லை. காலையில் அணிவது முதல் இரவில் இரும்புப் பெட்டியிலே வைத்துப் பூட்டுவதுவரை, ஒருகணமும் தளராத ஒழுக்கத்தையே தேர்கின்றாள்.

நம் மாணவியின் கடைசிக் கடிதம் சென்ற மாதம் வந்தது. அவள் வேலை செய்யும் வைத்தியசாலைக்குள் ஊழியர் ஆயுதம் கொண்டுவருதல் விலக்கப்பட்டுள்ளதாம். ஆகவே, துப்பாக்கி காரிலேதான் கிடக்கவேண்டும். அவள் அஞ்சியதோ வாயிலிலிருந்து கார்வரை உள்ள இருட்டுக்கு. அந்த இருட்டிலே துப்பாக்கி அவளிடம் இராது! இதனை உணர்ந்ததும் அவளும் வேறு மூன்று தாதியரும் நிருவாகத்துக்கு விண்ணப்பம் எழுதினர். இப்போது காவலாளி ஒருவர் கூட வருகிறார். நால்வரும் சேர்ந்தே நடக்கின்றனர். தரிப்பிடத்தின் கோடியிலே புதிய விளக்கும் எரிகின்றது.

"துப்பாக்கி வேண்டவே வேண்டாம் என்று நான் சபதம் செய்யவில்லை, சேர். என்றாவது வாங்க நேர்ந்தால் இரும்புப் பெட்டியை முதலிலும், உறையை அடுத்ததாகவும், துப்பாக்கியைக் கடைசியிலும் வாங்குவேன். நீலத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கைப்பையிலே இப்போது இனிப்பு மட்டுந்தான் இருக்கிறது" என்று முடித்திருந்தாள்.

கடிதத்தை மடித்து வைத்தபோது, சந்தையிலிருந்து திரும்பும் அந்த ஆச்சியின் நினைவு நமக்கு மீண்டும் வந்தது. அவளும் இருட்டும் வேளைகளிலே தனியே நடப்பதில்லை. அயலவர் நாலுபேரைக் கூட்டிக்கொண்டே வருவாள்.