சங்கிலிப் பெட்டியின் முனகல்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி சண்டிலிப்பாய் உட்பட வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். ‘லாண்ட்மாஸ்ரர்’ என்று நாம் அழைக்கும் இரு சில்லு உழவு இயந்திரங்களைக் கொட்டிலிலேயே விட்டுச் சென்றோர் பலர். 1996 சித்திரை தொடக்கம் ஊர் திரும்பிய வேளையில், எஞ்சிய இயந்திரங்கள் மழையிலும் ஈரத்திலும் துருவேறிக் கிடந்தன. மீளக் குடியேறிப் பழைய இயந்திரமொன்றை வாங்கும் குடும்பத்துக்கு இன்றும் இதே சிக்கல்தான்.

இவ்வியந்திரங்கள் பலவற்றில் சுழல் கலப்பையைச் சுற்றுவது பக்கத்துச் சங்கிலிப் பெட்டியாகும். அதனுள் சங்கிலியும் பற்சில்லுகளும் ஒயிலில் ஓடுகின்றன. தண்டுகளைத் தாங்குவது பெயாரிங். கலப்பைப் பக்கத்து ஒயில் சீல் தேய்ந்தால் ஒயில் கசிந்து வெளியேறும். சேறும் நீரும் உள்ளே புகும். அதன்பின் பெயாரிங் நெடுநாள் நிலைக்காது.

முனகல் சத்தம், பெட்டி அளவுமீறிச் சூடாதல், தண்டைப் பிடித்து அசைத்தால் ஆட்டம், ஒயில் பால்போல் வெளுத்தல் ஆகியவை நோயின் அறிகுறிகள். இவற்றைக் கண்டும் உழுதால் பெயாரிங் இறுகிப் பெட்டியே வெடிக்கலாம். சிறு பொருளுக்கான செலவு பெருஞ்செலவாகும். விதைப்புக் காலமும் தவறிவிடும்.

முதலில் எஞ்சினை நிறுத்தி, இயந்திரம் சரியாதபடி முட்டுக் கொடுங்கள். ஒயிலை வடித்து மூடியைக் கழற்றுங்கள். சங்கிலி, பற்சில்லு, பூட்டு வளையம் என்ற ஒழுங்கில் எடுத்து, கழற்றிய வரிசையிலேயே சாக்கின்மேல் அடுக்குங்கள். பெயாரிங்கை இழுவைக் கருவியால் எடுப்பதே நல்லது. பெட்டியை மண்ணெண்ணெயில் கழுவி நன்றாகத் துடையுங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய பெயாரிங்கையும் கொண்டு செல்லுங்கள். வளையத்தில் 6205 என்றிருந்தால் கடைசி இரு இலக்கங்களை ஐந்தால் பெருக்குங்கள்: உள்விட்டம் 25 மில்லிமீற்றர். 6204 எனில் 20, 6206 எனில் 30. பெயாரிங்குடன் புதிய சீலும் வாங்குங்கள். பழைய சீலுடன் புதிய பெயாரிங் பூட்டுவது ஓட்டைக் கூரையின் கீழ் நெல்லைக் காயவிடுவது போன்றது.

பூட்டும்போது ஒரு விதியை மறவாதீர்கள். தண்டில் இறுக்கமாக ஏற்றுவதானால் உள்வளையத்தில் மட்டும் தட்டுங்கள். பெட்டியில் இறுக்கமாக இறக்குவதானால் வெளிவளையத்தில் மட்டும். மாறித் தட்டினால் அடி குண்டுகளில் விழுந்து புதிய பெயாரிங் அன்றே கெடும். தண்டில் ஏற மறுத்தால், சுத்தமான ஒயில் உள்ள பேணியில் அதை இட்டு, பேணியைக் கொதிநீரில் வையுங்கள். ஒயிலில் ஒரு சொட்டு நீரும் விழக்கூடாது. நேரே நெருப்பில் காட்டாதீர்கள்; உருக்கின் உறுதி போய்விடும். இருபுறமும் மூடிய பெயாரிங்கை ஒயிலில் சூடாக்க வேண்டாம்.

சீலின் சுருள்கம்பி உள்ள பக்கம் ஒயிலை நோக்கி இருக்கட்டும். சங்கிலி இணைப்புக் கிளிப்பின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையில் முன்னே செல்லவேண்டும். குறியீடு வரை புதிய கியர் ஒயில் விட்டு, கலப்பையை முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுழன்றால் மட்டும் எஞ்சினைத் தொடக்குங்கள்.

இழுவைக் கருவி எல்லாரிடமும் இருப்பதில்லை. அயலில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி வைத்தால், மழைக்கு முன்னரே எல்லாருடைய பெட்டியையும் திறந்து பார்த்துவிடலாம்.