பெர்லினில் டிக்கெட் கேட்பது யார்?

பெர்லின் சுரங்க ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. சென்னை மெட்ரோவில் இருப்பதுபோல அட்டையைக் காட்டினால் வழிவிடும் இயந்திரத்தைத் தேடினால் கிடைக்காது. தெருவிலிருந்து படியிறங்கினால் நேரே நடைமேடை. வண்டி வந்ததும் ஏறிவிடலாம். மேற்படிப்புக்கென்று போய் இறங்கும் நம் பிள்ளைகளுக்கு இதைப் பார்த்ததும் இரண்டில் ஒரு நினைப்பு வரும். ஒன்று, 'இங்கே யாரும் டிக்கெட் பார்ப்பதில்லை போலிருக்கிறது.' இன்னொன்று, 'டிக்கெட் வாங்கியாச்சு, இனிக் கவலையில்லை.' முதலாவது தப்பு என்று சொல்லித்தர வேண்டியதில்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவரையும் மாட்டிவிடுவது இரண்டாவதுதான்.

பரிசோதகர்கள் பெரும்பாலும் சாதாரண உடையில்தான் வருவார்கள். கதவு மூடி வண்டி நகர்ந்த பிறகுதான், எதிரே நின்றிருந்த ஜீன்ஸ்காரர் கையில் கருவி இருப்பது கண்ணில் படும். செல்லும் டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ. 2015 முதல் இதுதான் தொகை. ஊருக்குப் புதிது, மொழி தெரியாது என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

டிக்கெட் இருந்தும் செல்லாமல் போவது எப்படி? முதலில் முத்திரை. தாள் டிக்கெட் வாங்கினால் அதில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நடைமேடையில் இருக்கும் மஞ்சள் அல்லது சிவப்புப் பெட்டியின் வாயில் செருகி முத்திரை வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். முத்திரை விழாத டிக்கெட் நாளைக்கும் செல்லும், நாளை மறுநாளும் செல்லும். அதனால்தான் பரிசோதகர் அதை டிக்கெட்டாகவே மதிப்பதில்லை. செல்பேசி செயலியில் எடுப்பவர்கள் ஏறுவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். பரிசோதகரைப் பார்த்ததும் அவசரமாக வாங்கினால், வாங்கிய நேரமே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது மண்டலம். நகரம் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அன்றாட நடமாட்டத்துக்கு ஏபி போதும். விலை சுமார் 4 யூரோ. ஆனால் 2020ல் திறந்த விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. ஏபி டிக்கெட்டோடு விமானம் பிடிக்கக் கிளம்புகிறவர் வழியிலேயே டிக்கெட் இல்லாதவர் ஆகிவிடுவார். ஏற்கெனவே ஏபி இருந்தால் மிச்ச தூரத்துக்கு மட்டும் இணைப்பு டிக்கெட் உண்டு. ஏறும் முன் அதையும் வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, திசை. ஒற்றை டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும், எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம். ஆனால் ஒரே திசையில்தான். பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. யு7 சுரங்க ரயிலில் போய், அர்ச்சனை முடித்து, பிரசாதத்தோடு ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பினாலும் அதே டிக்கெட் செல்லாது. திரும்பி வர இன்னொன்று எடுத்தே ஆக வேண்டும்.

மாதம் முழுக்கச் சுற்றுபவர்களுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் உண்டு. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025ல் 58, 2026ல் 63 ஆகிவிட்டது. நாடு முழுவதும் உள்ளூர் வண்டிகளில் செல்லும். ஐசிஇ போன்ற தொலைதூர வண்டிகளில் செல்லாது. சைக்கிளுக்குத் தனி டிக்கெட். அறைத்தோழருக்கு இரவல் தர முடியாது. பெயர் பொறித்தது, புகைப்பட அடையாளச் சான்றும் கூடவே இருக்க வேண்டும். இது சந்தா என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதத்தோடு நிற்கும். 11ஆம் தேதி நினைவு வந்தால் அடுத்த மாதக் காசும் போச்சு.

சரி, பிடிபட்டுவிட்டீர்கள். ஓடாதீர்கள், வாக்குவாதமும் வேண்டாம். எதிரில் நிற்பவரின் பணி அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ரசீது இல்லாமல் ஒரு காசும் தராதீர்கள். உங்கள் அடையாளத்தைக் காட்ட மறுத்தால் போலீசை அழைப்பார்கள், அவர்கள் வரும்வரை உங்களை நிறுத்தியும் வைக்கலாம். 60 யூரோவை அங்கேயே கொடுத்தாக வேண்டியதில்லை. தரும் சீட்டை வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்துக்குள் கட்டலாம்.

அதற்குள் செய்ய வேண்டியவை உண்டு. உங்கள் பெயரில் மாத டிக்கெட் இருந்து, வீட்டில் மறந்து வந்திருந்தால், ஒரு வாரத்துக்குள் அலுவலகத்தில் காட்டுங்கள். 60 யூரோ 7 யூரோவாகக் குறையும். இயந்திரம் பழுதாகி டிக்கெட் எடுக்கவோ முத்திரை குத்தவோ முடியாமல் போயிருந்தால், அதாவது பயணியின் குற்றமில்லாத காரணம் என்றால், அபராதம் கிடையாது என்று போக்குவரத்து விதியிலேயே இருக்கிறது. ஆனால் நிரூபிக்க வேண்டும். பழுதான இயந்திரத்தின் எண், நிலையத்தின் பெயர், நேரம், திரையின் படம் எல்லாவற்றையும் வண்டி ஏறுமுன் எடுத்து வைத்துக்கொண்டால் ஆட்சேபணையில் இணைக்கலாம். ஆட்சேபணையை எழுத்தில்தான் அனுப்ப வேண்டும், அதுவும் சரியான இடத்துக்கு. யு-பான் என்ற சுரங்க ரயில், டிராம், பேருந்து எல்லாம் நகரப் போக்குவரத்து நிறுவனமான பி.வி.ஜி.யுடையவை, எஸ்-பான் என்ற புறநகர் ரயிலை நடத்துவது ஜெர்மன் ரயில்வேயின் துணை நிறுவனம். டிக்கெட் ஒன்றுதான் என்றாலும், யாருடைய வண்டியில் பிடிபட்டீர்களோ அவர்களுக்கே எழுத வேண்டும். எஸ்-பான் பதில் திருப்தியில்லை என்றால் பயண, போக்குவரத்துத் தகராறுகளுக்கான சமரச அமைப்பை நாடலாம்; பயணிக்குச் செலவில்லை.

தாமதத்துக்கு இழப்பீடு உண்டா என்றால், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஐரோப்பிய விதிப்படி ரயில் ஒரு மணி நேரம் தாமதித்தால் கட்டணத்தில் 25 விழுக்காடு, இரண்டு மணி நேரமானால் 50. ஆனால் 4 யூரோவுக்குக் குறைந்த தொகையைத் தர மாட்டார்கள். நகர டிக்கெட்டின் விலையே அவ்வளவுதான். டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு ஒரு மணி நேரத் தாமதத்துக்கு 1.50 யூரோ வீதம், மூன்று தாமதங்களைச் சேர்த்து 4.50 கேட்கலாம். விண்ணப்பம் எழுதும் நேரத்துக்குக்கூடக் கட்டுபடியாகாது.

இரவில் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: இரவு 8 மணிக்கு மேல், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவிலும் பேருந்தை நிறுத்தி இறக்கிவிடும்படி ஓட்டுநரிடம் கேட்கலாம். சுரங்க ரயில் நடைமேடையில் உதவி கேட்கும் தூண் இருக்கும். அதிலுள்ள அவசரப் பொத்தானை அழுத்தினால் ஆள் பேசுவார். போலீஸ் எண் 110, ஆம்புலன்ஸுக்கு 112.

இனி, பலர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் விஷயம். டிக்கெட் இல்லாப் பயணம் ஜெர்மனியில் வெறும் அபராத விவகாரம் இல்லை. குற்றவியல் சட்டம் 265ஏ பிரிவின்படி ஓராண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். 1935ல் நாஜி ஆட்சியில் சேர்த்த பிரிவு இது. மீண்டும் மீண்டும் பிடிபடுகிறவர்மேல் புகார் போனால் நீதிமன்றம் வருமானத்தைப் பொறுத்து நாள் கணக்கில் அபராதம் விதிக்கும். கட்ட முடியாவிட்டால் சிறை. 2024 பிப்ரவரி முதல் இரண்டு நாள் அபராதத்துக்கு ஒரு நாள் சிறை என்று பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். 4 யூரோ இல்லாதவரை அடைத்துவைக்க அரசு அதைவிடப் பல மடங்கு செலவழிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அங்கேயும் பலருக்குப் புரியவில்லை. ஆர்னே செம்ஸ்ராட் என்ற பத்திரிகையாளர் 2021ல் தொடங்கிய 'ஃப்ரைஹைட்ஸ்ஃபோண்ட்ஸ்' நன்கொடை திரட்டி, இப்படி அடைபட்டவர்களின் அபராதத்தைக் கட்டி வெளியே கொண்டுவருகிறது. கொலோன், டூசல்டார்ஃப் நகரங்கள் போலீசில் புகார் செய்வதையே நிறுத்த முடிவெடுத்தன. சட்டம் என்னவோ அப்படியே இருக்கிறது.

இந்த நிலைக்குப் போகிறவர் எல்லோரும் அடாவடிக்காரர்கள் இல்லை. கடிதத்தைப் பிரிக்காதவர்களும், கடிதமே கைக்கு வராதவர்களும் உண்டு. தபால் பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் அங்கே தபால் போட மாட்டார்கள். அறை மாறிய அன்றே பெயரை ஒட்டுங்கள், நகராட்சியில் முகவரியைப் பதியுங்கள். மஞ்சள் உறையில் கடிதம் வந்தால் அது நீதிமன்றத்திலிருந்தோ அரசிடமிருந்தோ வந்தது. பெட்டியில் போட்ட தேதியை உறையின் மேலேயே எழுதியிருப்பார்கள்; கெடு ஓடத் தொடங்குவது அன்றிலிருந்துதான், நீங்கள் பிரித்த நாளிலிருந்து அல்ல. உள்ளே தண்டனை ஆணை இருந்தால் ஆட்சேபிக்க இரண்டே வாரம். உறையையும் கிழிக்காமல் பத்திரப்படுத்தி, பல்கலைக்கழக மாணவர் அமைப்பின் சட்ட ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ அதே வாரத்தில் எடுத்துப் போங்கள்.